கடற்கொள்ளை கேமில் பிரெஞ்சுக் கோட்டை: கப்பல் மதிலடிக்கு வந்துட்டா பீரங்கி குண்டே படல

தெப்பக்குளம்_டெவ்:
மதுரைல நாங்க மூணு பேர் சேர்ந்து கோடாட்ங்கிற கேம் எஞ்சின்ல ஒரு கடற்கொள்ளை கேம் பண்றோம். 1690 வாக்குல, கரீபியன் தீவுல ஒரு பிரெஞ்சுக் குடியேற்றம். கடலை ஒட்டி சதுரக் கோட்டை, நாலு மூலையிலயும் வட்டக் கோபுரம், மதில் 10 மீட்டர், பீரங்கி எல்லாம் மேல. கப்பலை மதிலுக்குப் பக்கத்துல கொண்டாந்து நிறுத்திட்டா ஒரு குண்டும் படல. டேமேஜை ஏத்திப் பாத்தும் பிரயோஜனமில்ல. என்ன மாத்தணும்?

கொத்தளம்:
டேமேஜ்ல கை வைக்காதீங்க தம்பி, கோளாறு கோணத்துல இருக்கு. பீரங்கி கீழ சாயுற லிமிட் 5 டிகிரின்னு வச்சிருந்தா, 10 மீட்டர் உயரத்துல இருந்து சுடுற குண்டு தண்ணியத் தொடுறதே 114 மீட்டர் தள்ளித்தான். அதுக்குள்ள வந்த கப்பல் பத்திரமா நிக்கும். லிமிட்டை 30 ஆக்கினா சரியாகும்னு தோணும், செய்யாதீங்க. நிஜ பீரங்கியை அவ்வளவு சாய்க்க வண்டியும் விடாது, மதில் திறப்போட அடித்தளமும் விடாது. பாக்கவும் பொய்யாத் தெரியும்.

தண்ணியோரம் 3 மீட்டர் உயரத்துல தனியா ஒரு பீரங்கி மேடை போடுங்க. அதே 5 டிகிரிக்குக் குருட்டு இடம் 34 மீட்டரா சுருங்கிடும். அந்த 34 மீட்டரையும் பாறைத்திட்டு வச்சு அடைச்சுட்டா கப்பல் உள்ள வரவே முடியாது. மேடைல 24 லிவ்ர் (பழைய பிரெஞ்சு எடை அளவு) ரகம் வைக்கலாம், குண்டு 11.7 கிலோ வரும். மேல இருக்கறது தூரத்துக்கு.

வட்டக் கோபுரத்தை எடுத்துருங்க. அதோட முன்பக்க அடில ஒரு முக்கோண இடம் பக்கத்துக் கோபுரத்துக்குத் தெரியாது, ஏணி போடுறவன் அங்கதான் ஒளிவான். அதைத் தவிர்க்கத்தான் மதில் மூலையில வெளிய நீட்டுற கூர்முனைக் கொத்தளமே வந்துச்சு.

பரங்குன்றம்_3டி:
பிளெண்டர்ங்கிற 3டி சாப்ட்வேர்ல வரைய, பிரெஞ்சுக் கோட்டைப் பொறியாளர் வோபானோட முறை சுலபம். ரெண்டு கொத்தள முனைக்கு நடுவுல 100 மீட்டர் கோடு. அதோட நடுவுல இருந்து உள்பக்கமா எட்டுல ஒரு பங்கு, 12.5 மீட்டர், இறங்கி ஒரு புள்ளி (ஐங்கோணக் கோட்டைன்னா ஏழுல ஒண்ணு, அறுகோணம்னா ஆறுல ஒண்ணு). ரெண்டு முனையில இருந்தும் அந்தப் புள்ளி வழியா கோடு இழுத்து நீட்டுங்க. முனையில இருந்து அந்த 100 மீட்டர்ல ஏழுல ரெண்டு பங்கு, 28.6 மீட்டர், கொத்தளத்தோட முகம். அது முடியுற இடம் தோள். ஒரு தோளை மையமா வச்சு அடுத்த தோள் வரைக்கும் உள்ள தூரத்தை ஆரமா எடுத்து வில் போட்டா, மையத் தோள் வழியா நீட்டின கோடு மேல அந்த வில் வெட்டுற இடத்துல, எதிர்த் தோள்ல ஆரம்பிக்கிற எதிர்க் கொத்தளத்தோட பக்கச்சுவர் முடியும். பக்கச்சுவர் 11 மீட்டர், ரெண்டு பக்கச்சுவருக்கும் நடுவுல உள்ள நடுமதில் 42 மீட்டர் வரணும். வரலன்னா தப்பான தோள்ல மையம் வச்சிருக்கீங்க.

11 மீட்டர்ல ரெண்டு பீரங்கிதான் நிக்கும். அந்த ரெண்டும் எதிர்க் கொத்தளத்து முகத்தை ஒட்டியே சுடும், அதான் இந்த வடிவத்தோட உயிர். மதிலுக்கு வெளிப்பக்கம் அஞ்சுக்கு ஒண்ணு (5 மீட்டர் உயரத்துக்கு 1 மீட்டர்) சாய்வு குடுங்க. நேர்ச்சுவரா வச்சா பிரெஞ்சு வேலையா தெரியாது.

தெப்பக்குளம்_டெவ்:
ரொம்ப நன்றிண்ணே. ஊரை மதிலுக்குள்ள வைக்க இடம் பத்தல. கொடி, டெக்ஸ்சர் (சுவர் மேல ஒட்டுற கல் படம்) பத்தியும் சொல்லுங்க.

கொத்தளம்:
ஊர் வெளியே இருக்கட்டும். கோட்டைக்கும் முதல் வீட்டுக்கும் நடுவுல மரம், குடிசை எதுவும் இல்லாத திறந்தவெளி விடுங்க. உள்ள கவர்னர் வீடு, தண்ணித்தொட்டி, வெடிமருந்துக் கிடங்கு போதும். கிடங்குக்கு வளைவுக் கூரை, தடிச்ச சுவர். காத்துத் துவாரம் நேரா இருக்கக் கூடாது, உள்ள ஒரு கல் கட்டையச் சுத்தி வளைஞ்சு போகணும். தீப்பொறி நுழையாம இருக்கத்தான்.

மூவர்ணக் கொடி வேண்டாம், அது 1794ல வந்தது. வெறும் வெள்ளைக் கொடி ஏத்துங்க. டெக்ஸ்சருக்குப் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மிச்சமிருக்குற கோட்டைச் சுவரைப் போட்டோ எடுத்துப் போட்டுராதீங்க. உங்க தீவு எரிமலைத் தீவா பவளத் தீவான்னு முடிவு பண்ணிட்டுக் கல்லைத் தேர்ந்தெடுங்க. புதுச்சேரிக்கும் போக வேண்டாம்: அங்க இருந்த ஐங்கோண லூயி கோட்டையை 1761ல பிரிட்டிஷ்காரங்க தரைமட்டமாக்கிட்டாங்க.

பரங்குன்றம்_3டி:
தண்ணியோர மேடை வச்சா இன்னொரு வழியும் திறக்கும். 1745ல, இப்ப கனடாவுல இருக்குற லூயிபர்க் கோட்டைல பிரெஞ்சுக்காரங்க பீரங்கியோட தீத்துளைல (மருந்தைப் பத்த வைக்கிற ஓட்டை) ஆணி அறைஞ்சுட்டுத் துறைமுக மேடையைக் கைவிட்டாங்க. முற்றுகையிட வந்த பிரிட்டிஷ் தரப்புக்காரங்க துளையைத் துருவி எடுத்து அதே பீரங்கியை ஊர் மேல திருப்பினாங்க. மேடையைப் பிடிச்ச பிளேயர் உடனே சுடக் கூடாது. கொல்லன் ஒருத்தனைக் கப்பல்ல இருந்து இறக்கினாத்தான் பீரங்கி வேலை செய்யணும், அதுவும் ஒவ்வொண்ணா. அது வரைக்கும் மேல இருக்குற கொத்தளம் அவங்களைச் சுட்டுக்கிட்டே இருக்கும்.