புதுப்பிப்பு: முதல் வில்லை வாங்கிய பிறகு

30 பவுண்டு இழுவிசை கொண்ட ரிகர்வ் வில்லை (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) வாங்கலாமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். வேண்டாம் என்று தடுத்த அனைவருக்கும் நன்றி. இறுதியில், லிம்புகளை, அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளை, கழற்றி மாற்றக்கூடிய 70 அங்குல வில்லொன்றை 20 பவுண்டு லிம்புகளுடன் வாங்கினேன்.

லிம்பில் அச்சிட்டிருக்கும் பவுண்டுக் கணக்கு 28 அங்குலம் இழுக்கும்போது உள்ள விசையையே குறிக்கிறது என்பதும், அதற்கு மேல் இழுக்கும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ 2 பவுண்டு கூடும் என்பதும் எனக்கு முன்பு தெரியாது. விரித்த கைகளின் அகலமான 75 அங்குலத்தை 2.5ஆல் வகுத்தபோது என் இழுப்பு நீளம் 30 அங்குலம் என்று வந்ததால், இந்த வில்லே என் கையில் 24 பவுண்டாகிவிடுகிறது. முதலில் ஆசைப்பட்டது 34 பவுண்டாகி என் தோள்பட்டையைப் பதம் பார்த்திருக்கும்.

கடையில் முதலில் எடுத்துக் காட்டிய வில்லில், நாண் கீழ் லிம்பின் நடுக்கோட்டை விட்டு விலகி நின்றது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்றார் கடைக்காரர். முறுக்கிக்கொண்ட லிம்ப் அப்படிச் சரியாவதில்லை என்பதால் வேறொன்றைக் கேட்டு வாங்கினேன்.

வலக்கைப் பழக்கமுள்ள எனக்கு இடக்கண்ணே ஆதிக்கக் கண் (குறிபார்க்க மூளை முதன்மையாக நம்பும் கண்) என்று சோதனையில் தெரிந்ததால், பயிற்சியாளரின் யோசனைப்படி இடக்கையால் நாணை இழுக்கும் இடக்கை வில்லையே எடுத்திருக்கிறேன். அம்புகளை இன்னும் வாங்கவில்லை.