தேங்காய் இருக்கு, மண்டையோடுதான் வேண்டும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி நண்பர்களுக்கு வணக்கம். இங்கே பயிற்சி மருத்துவர்களுக்கு அறுவை சிகிச்சை சொல்லித் தருகிறேன். தலையில் அடிபட்டு மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கட்டினால், சில நேரம் எலும்பில் சின்னத் துளை போட்டு வெளியேற்ற வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைத்துவிட்டால் கோயம்புத்தூருக்கு இறங்க முடியாது. அதனால் இந்தக் கைப்பழக்கம் மலையில் இருப்பவர்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போதைக்கு முற்றின தேங்காயில்தான் பழக்குகிறேன். கொட்டாங்கச்சியைத் துளைக்கணும், பருப்பில் கீறல் விழக்கூடாது. ஆனால் மண்டையோட்டில் வெளியே கெட்டி, நடுவில் பஞ்சு போன்ற எலும்பு, மறுபடி கெட்டி. அந்தக் கடைசி அடுக்கு விடும்போதுதான் துளைக்கருவி சட்டென்று உள்ளே பாயும். தேங்காயில் இது வராது.

மூளை மாதிரிக்குக் கவலையில்லை. அகரோஸ் என்று கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஒரு பொடி இருக்கிறது; அதன் 0.6 சதவீதக் கரைசலை உறையவைத்தால் கிட்டத்தட்ட அதே மென்மை கிடைக்கிறது. (வீட்டு ஃபிரிட்ஜில் வைத்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.)

மண்டையோட்டு மாதிரியை அச்சிட்டுத் தர யாரிடமாவது த்ரீ-டி பிரிண்டர் இருக்கிறதா? பெயர், விவரம் நீக்கிய சிடி ஸ்கேன் கோப்பு தருகிறேன். பிஎல்ஏ பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம், துளைக்கும் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். ஜிப்சம் பொடியில் அச்சிடுகிறவர்கள் கோவையில் இருந்தாலும் சொல்லுங்கள். அப்புறம், கையால் சுற்றித் துளைக்கும் பழைய தச்சுக் கருவி எந்த ஆசாரி வீட்டிலாவது சும்மா கிடந்தால் விலைக்கு வாங்கிக்கொள்கிறேன். அச்சுக்கூலியும் என்னுடையது. உள்பெட்டியில் செய்தி போடுங்கள்.