13 வருஷ ஈசி போதும்னு புதுப் பசங்களைக் கெடுக்கிறது யாரு?

தென்பெண்ணை:
"25 வயசுல முதல் மனை" என்று ஒரு பதிவு காலையிலிருந்து சுத்துது. அதுல நாலாவது வரி: "13 வருஷ வில்லங்கச் சான்று சுத்தமா இருந்தா கண்ணை மூடிக்கினு அட்வான்ஸ் கொடு." எழுதினவர் இந்தத் திரியிலதான் இருக்கார், பேர் சொல்லல. வில்லங்கச் சான்றுன்னா (ஈசி), ஒரு நிலத்து மேல அத்தனை வருஷத்துல பதிவான கிரயம், அடமானம் எல்லாத்தையும் காட்டுற சான்று. அதை 13 வருஷத்துக்கு இல்லைங்க, 30. குறைஞ்சது 30.

மாங்கூழ்:
பேர் சொல்லலைன்னா தெரியாதாக்கும். நான்தான் எழுதினேன். 13 ஒண்ணும் வானத்துல இருந்து குதிக்கல. எதிரிடை அனுபவத்துக்கு, அதாவது அடுத்தவன் நிலத்தை வெளிப்படையா அனுபவிச்சு உரிமை கேக்கிறதுக்கு, 12 வருஷம், மேல ஒண்ணு. சட்டம் படிச்சவருக்கு இது தெரியாதா?

தென்பெண்ணை:
12 தனியாருக்கு. அரசாங்கம் தன் நிலத்தைக் கேட்டு வழக்குப் போட 30 வருஷம். அடமானத்தை மீட்க 30 வருஷம். ரெண்டும் 1963 காலவரையறைச் சட்டத்துலயே இருக்கு. இன்னொண்ணு: 2 வயசுப் பிள்ளையோட சொத்தை அப்பா கோர்ட் அனுமதி வாங்காம வித்தார்னு வைங்க. அந்தப் பிள்ளைக்கு 18 ஆகி மேல 3 வருஷம் வரைக்கும் வழக்குப் போட வழி இருக்கு. அதாவது கிரயம் ஆகி 19 வருஷம் கழிச்சு நோட்டீஸ் வரும். உங்க 13-ல அந்தக் கிரயமே கண்ணுல படாது.

மாங்கூழ்:
ஒரு மனை வாங்க வர்றவனுக்கு இவ்வளவு பயம் காட்டணுமா? டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் இருக்கு, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பர் இருக்கு. லேஅவுட் போட்டவன் பாக்காமலா 2 கோடி போட்டான்? 13 போதும்.

தென்பெண்ணை:
அப்ரூவல் ரோடு அகலத்தைப் பாக்கும், பூங்காவுக்கு இடம் விட்டாச்சான்னு பாக்கும். நிலம் யாருதுன்னு சான்று தர்றது அதோட வேலை இல்ல. பூங்கான்னு பஞ்சாயத்துக்குத் தானப் பத்திரம் எழுதின இடத்தையே மனை நம்பர் போட்டு விக்கிற ஆளும் உண்டு. வரைபடத்தைக் கையில வெச்சிக்கினு மனை நம்பரைத் தேடுங்க.

அக்கா தங்கச்சி விஷயத்தை விட்டுட்டேன். அண்ணன் தம்பி ரெண்டு பேர் மட்டும் 2008-ல பாகப்பிரிவினை எழுதியிருந்தா, பொண்ணு கையெழுத்து எங்கன்னு கேக்கணும். தமிழ்நாட்டுல 1989-லயே, கல்யாணம் ஆகாத பொண்ணுக்குப் பூர்வீகச் சொத்துல பங்கு வந்தாச்சு. 2005-ல மத்தியச் சட்டம் எல்லாப் பொண்ணுக்கும் கொடுத்தது. அப்பா அப்ப உயிரோட இருந்திருக்கணும்னு இல்லைன்னு 2020-ல உச்ச நீதிமன்றமும் சொல்லிட்டுது. இப்ப 13 வருஷம் போட்டா அந்த 2008 பத்திரம் வருமா?

பாலக்கோடு_புளி:
13, 30-ன்னு அடிச்சிக்கிறீங்க. எந்த சர்வே நம்பருக்கு ஈசி போட்டீங்கன்னு யாராவது கேட்டீங்களா? இப்ப மனை இருக்கிறது 112/2ஏ1. உட்பிரிவு ஆகுறதுக்கு முன்னாடி அது வெறும் 112/2. புது நம்பருக்கு மட்டும் 30 இல்ல, 60 வருஷம் போட்டாலும் "வில்லங்கம் இல்லை"ன்னு பளிச்சுனு வரும். பழைய நம்பருக்கும் போடணும். கிராமம் வேற சார்பதிவாளர் அலுவலகத்துல இருந்து மாறியிருந்தா அங்கயும் போடணும். கிராம நிர்வாக அலுவலர்கிட்ட ஏ-பதிவேட்டையும், அதாவது கிராமத்து நிலக் கணக்கையும், பாருங்க. பஞ்சமி நிலம் (பட்டியலின மக்களுக்குன்னு அரசாங்கம் ஒதுக்கினது), கண்டிஷன் பட்டா (நிபந்தனையோட கொடுத்தது) எல்லாம் அங்கதான் தெரியும், ஈசியில தெரியாது.

மாங்கூழ்:
பாத்தீங்களா, 30-லயும் தெரியாதாம். அப்ப 13 போதும்.

தென்பெண்ணை:
அவர் சொன்னது அதா? 😄

புதுசு_24:
அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். ராயக்கோட்டை ரோட்டுல 1200 சதுர அடி, 2.75 சென்ட். வழிகாட்டி மதிப்பு (அரசாங்கம் நிர்ணயிச்ச விலை), கிரயத் தொகை ரெண்டும் 6 லட்சம். பதிவுக்கு எவ்வளவு ஆகும்? அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்?

பாலக்கோடு_புளி:
தம்பி, முத்திரைத்தாள் 7 சதவீதம் 42,000. பதிவுக் கட்டணம் 2 சதவீதம் 12,000. ஆக 54,000. அம்மா பேர்ல வாங்கினா, 10 லட்சத்துக்குள்ள இருக்கிறதால பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறையும், 48,000. 2025 ஏப்ரல்ல இருந்து இந்தச் சலுகை. எழுத்துக் கூலி தனி.

மாங்கூழ்:
தம்பி, முதல்ல அது 2.76 சென்ட். ஒரு சென்ட் 435 சதுர அடி.

தென்பெண்ணை:
435.6. 1200-ஐ வகுத்தா 2.75. ஒரு மனைக்கு ஒண்ணும் தெரியாது. 2 ஏக்கர் பேசினா 120 சதுர அடி காணாமப் போகும். கிராமப் பட்டாவுல சென்ட்டே வராது, இதே மனை 1.11 ஏர்ஸ்னு (மெட்ரிக் அளவு) இருக்கும். பாத்துப் பழகுங்க.

மாங்கூழ்:
ஊரே 435-ன்னுதான் பேசுது. உங்களுக்கு மட்டும் புள்ளி வெச்ச சென்ட்.

கெலமங்கலத்தான்:
மனைன்னா ஓசூர் பக்கம் பாருங்கப்பா. ஏர்போர்ட் வருது. 2,000 ஏக்கர்னு 2024-லயே சட்டசபையில சொல்லியாச்சு.

பாலக்கோடு_புளி:
பெங்களூரு விமான நிலையத்தோட ஒப்பந்தத்துல 150 கிலோமீட்டருக்குள்ள 2033 வரைக்கும் இன்னொண்ணு கூடாதுன்னு இருக்கே, அதை எந்த புரோக்கரும் நோட்டீஸ்ல அடிக்கிறது இல்ல. விலையை மட்டும் இப்பவே ஏத்திடுவாங்க.

கெலமங்கலத்தான்:
தர்மபுரிக்காரருக்கு வயித்தெரிச்சல்.

பாலக்கோடு_புளி:
எங்களுக்கு எதுக்குங்க வயித்தெரிச்சல்? நல்லம்பள்ளி பக்கமும் சிப்காட் தொழிற்பேட்டை இருக்குது.

தென்பெண்ணை:
ஏர்போர்ட்டுக்குத் தனித் திரி திறங்க. மாங்கூழ், போன தடவை பவர் பத்திரத் (நமக்காக விக்க இன்னொருத்தருக்கு அதிகாரம் எழுதித் தர்றது) திரியிலயும் இப்படித்தான். பவர் கொடுத்தவர் செத்தா பவரும் செத்துதுன்னு சொன்னேன், பதில் வரல. பவர் வெச்சு வித்தா உரிமை மாறாதுன்னு 2011-லயே உச்ச நீதிமன்றம் சொன்னதைப் போட்டேன். அதுக்கும் பதில் இல்ல, திரியை விட்டே காணோம்.

மாங்கூழ்:
காணாம எங்கயும் போகல, வேலை இருந்துது. 30 வேணும்னா நீங்க போட்டுக்குங்க, காசு உங்களுது. பதிவுல 13-ஐ மாத்தப் போறதில்ல.

தென்பெண்ணை:
மாத்த வேணாம். நாலாவது வரிக்குக் கீழ தினம் ஒரு தடவை 30-ன்னு எழுதுவேன்.

புதுசு_24:
அண்ணா, அந்த அட்வான்ஸ்...

பாலக்கோடு_புளி:
ரெரா லேஅவுட்னா, ஒப்பந்தம் எழுதிப் பதியாம 10 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாது தம்பி. உனக்கு 60,000 தாண்டக் கூடாது. ஆனா அதுக்கு முன்னாடி 112/2-க்கு...

மாங்கூழ்:
13 வருஷம்.