புதுப்பிப்பு: எஸ்பிஎம் (மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வு) முடித்த மகனை நியூசிலாந்து இயற்கைப் பண்ணைக்கு அனுப்புவது (பினாங்கு)

17 வயது மகனை வூஃப் (WWOOF: இயற்கைப் பண்ணையில் வேலை செய்து, பதிலுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் பெறும் ஏற்பாடு) வழியாக நியூசிலாந்துப் பண்ணைக்குச் சுற்றுலா விசாவில் அனுப்பலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பையன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

‘பண்ணையைத் தேடும் முன் விசாவைப் பாருங்கள்’ என்று ஓர் அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது. சம்பளம் இல்லாவிட்டாலும், சாப்பாடும் தங்குமிடமும் கிடைப்பதால் அங்கே அது வேலைக் கணக்குதான்; சுற்றுலா விசா ஆகாது. இளைஞர்கள் சுற்றிப் பார்த்தபடியே வேலையும் செய்ய அனுமதிக்கும் ஒர்க்கிங் ஹாலிடே விசாவுக்கு 18 வயது நிரம்ப வேண்டும். சரி என்று பிறந்தநாள்வரை காத்திருந்து விண்ணப்பித்தோம். (பாட்டிக்கு அதில் ஏக சந்தோஷம்.)

எதிர்பாராதது ஆக்லாந்து விமான நிலையத்தில். பினாங்கு மலை ஏறிய பூட்ஸை, கொண்டுவரும் உணவு, மண் பட்ட பொருள்களை எழுதும் வருகைப் படிவத்தில் குறிப்பிட்டிருந்தான். பூட்ஸின் அடிப்பகுதிப் பள்ளங்களில் காய்ந்திருந்த செம்மண்ணைப் பார்த்ததும் அதிகாரிகள் வாங்கிக் கழுவித் தந்தார்கள். குறிப்பிடாமல் விட்டால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். வீட்டில் அரைத்த மிளகாய்த்தூள் கொடுத்தனுப்பினால் அதையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.