ஸ்நேர் டிரம்: ஸ்டீல் ஷெல்லை விட்டு மேப்பிளுக்கு மாறலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக டிரம்ஸ் வாசித்து வருகிறேன். என்னிடம் இருப்பது, டிரம் செட்டோடு சேர்ந்து வந்த, ஸ்டீல் ஷெல் (உருளை உடல்) கொண்ட ஸ்நேர், அதாவது அடியில் கம்பிகள் பூட்டிய டிரம். விட்டம் 14 அங்குலம், ஆழம் 5.5 அங்குலம். எங்கள் குழு பெரும்பாலும் சிறிய அறைகளிலேயே வாசிக்கிறது. கிட்டாரும் குரலும் மட்டும் மெதுவாக ஒலிக்கும் இடங்களில், ஒவ்வோர் அடிக்குப் பிறகும் ஓர் உலோக ரீங்காரம் நீண்டு நின்று, அடுத்த அடியின் மேல் வந்து படிகிறது. ஹெட்டின் (டிரம்மின் மேல் இறுக்கிப் பூட்டிய படலத்தின்) ஓரத்தில் டேப் ஒட்டினால் ரீங்காரம் அடங்கிவிடுகிறது. ஆனால் கோஸ்ட் நோட்டுகளும் (முக்கிய அடிகளுக்கு இடையே மிக மெதுவாகத் தட்டும் அடிகளும்) அதோடு சேர்ந்து அமுங்கிப் போகின்றன.

மேப்பிள் மர ஷெல்லுக்கு மாறினால் ஓசை இதமாகும் என்று பலர் சொல்கிறார்கள். இப்போது இரண்டு ஸ்நேர்கள் என் முன் இருக்கின்றன: ஒன்று 6.5 அங்குல ஆழமுள்ள மேப்பிள், மற்றொன்று 5 அங்குல ஆழமுள்ள அலுமினியம். என் குறைக்கு உண்மையிலேயே ஷெல்தான் காரணமா? காரணம் அதுதான் என்றால், இந்த இரண்டில் எதை எடுப்பது?

பதில் 1

வணக்கம். ஷெல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மேல் ஹெட்டைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? கீழ் ஹெட்டை ஒரு முறையேனும் மாற்றியதுண்டா?

குச்சி படுவது மேல் ஹெட்டின் மீது. அதன் அதிர்வு உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளிக் கீழ் ஹெட்டை அசைக்கிறது. அந்த அசைவில்தான் கம்பிகள் படபடக்கின்றன. ஆகவே நாம் கேட்கும் ஓசையில் பெரும்பங்கு இரண்டு ஹெட்டுகளுக்கும் கம்பிகளுக்கும் உரியது. ஷெல் அதற்கு நிறம் கூட்டுகிறது, அவ்வளவுதான். ஒருமுறை என் ஸ்நேரின் ஓசை மந்தமாகிவிட்டது என்று எண்ணி, பித்தளை ஷெல் ஒன்றை வாங்கினேன். சில வாரங்களுக்குப் பிறகு பழையதைக் கழற்றிப் பார்த்தபோதுதான், கீழ் ஹெட் கம்பிகள் படியும் இடத்தில் சுருக்கம் விழுந்து தளர்ந்து கிடந்ததைக் கண்டேன். அந்த ஒரு ஹெட்டை மாற்றியதும் பழைய ஸ்நேர் மீண்டும் கணீரென்று பேசியது.

இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். பக்கவாட்டில் உள்ள நெம்புகோலைத் தளர்த்திக் கம்பிகளைக் கீழ் ஹெட்டிலிருந்து விலக்குங்கள். ஸ்நேரை மென்மையான துணியின் மீது வைத்து, ஒவ்வொரு லக்கின் (ஹெட்டை இறுக்கும் திருகு பூட்டும் இடத்தின்) அருகிலும் ஹூப்பிலிருந்து (ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் வளையத்திலிருந்து) ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, குச்சி நுனியால் மெதுவாகத் தட்டுங்கள். எல்லா இடத்திலும் ஒரே சுருதி கேட்க வேண்டும். ஓரிடத்தில் இறங்கினாலும், இரண்டு சுருதிகள் ஒன்றோடொன்று மோதி அலை அலையாக எழும் அந்த ரீங்காரம்தான் உங்களைத் தொந்தரவு செய்கிறது எனலாம். மேலே 10 மில், அதாவது ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒற்றை அடுக்குக் கோட்டட் (மேற்பூச்சு உள்ள) ஹெட்டையும், கீழே 3 மில் ஹெட்டையும் புதிதாகப் போட்டு டியூன் செய்து கேளுங்கள். வாங்குவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.

பதில் 2

மர ஷெல்களுக்கு, ஹெட் படியும் விளிம்பைச் சீவித் தரும் வேலை செய்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஒரு பொருள் அதிர்வைத் தனக்குள் எவ்வளவு விழுங்குகிறது, எவ்வளவு திருப்பித் தருகிறது என்பதில்தான் மரமும் உலோகமும் பிரிகின்றன. மரம் மேல் சுருதிகளை விரைவில் விழுங்கிவிடுகிறது. ஸ்டீலும் பித்தளையும் அவற்றை நெடுநேரம் உயிரோடு வைத்திருக்கின்றன. மேப்பிளில் எல்லாச் சுருதிகளும் ஓரளவு சமமாக வருகின்றன. பிர்ச்சில் அடியின் கூர்மை முன்னே நிற்கிறது. மஹோகனி கீழ்ச்சுருதியில் கனமாக இறங்குகிறது. உலோகங்களில் ஸ்டீல் பளிச்சென்று வெட்டும். பித்தளையிலும் அதே ஒளி உண்டு, ஆனால் அடியில் ஒரு நிறைவு இருக்கும். செம்பும் வெண்கலமும் சற்று இருண்டு ஒலிப்பவை.

ஆனால் 'மேப்பிளா ஸ்டீலா' என்று ஒப்பிடும்போது, பொருள் மட்டுமே மாறுவதாக எண்ணக் கூடாது. ஸ்டீல் ஷெல் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள தகடு. அதன் விளிம்பு அந்தத் தகட்டையே மடித்து உருவாக்கப்படுகிறது. மேப்பிள் ஷெல் ஐந்து முதல் எட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள பல அடுக்குப் பலகை. அதன் விளிம்பு 45 பாகையில் சீவப்படலாம், உருட்டியும் விடப்படலாம். கூரிய விளிம்பில் ஹெட் மெல்லிய கோடாக மட்டுமே தொடுவதால் ஓசை திறந்து, கார்வை நீளும். உருட்டிய விளிம்பில் தொடும் பரப்பு கூடுவதால் ரீங்காரம் அடங்கும். ஒரே மேப்பிள் ஷெல்லின் விளிம்பைக் கூராக இருந்ததிலிருந்து உருட்டி மாற்றிக் கொடுத்தபோது, மரத்தையே மாற்றிவிட்டேனா என்று அதன் உரிமையாளர் கேட்டார். ஆகவே மேப்பிளின் இதம் என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி விளிம்பின் வேலை. ஸ்நேரை எடுப்பதற்கு முன் ஹெட்டைக் கழற்றச் சொல்லி, விளிம்பு முழுவதும் விரலை ஓட்டிப் பாருங்கள். மேடோ பள்ளமோ தட்டுப்பட்டால் அதை விட்டுவிடுங்கள்.

பதில் 3

முதல் பதிலை எழுதிய நண்பரோடு ஓரளவு மாறுபடுகிறேன். முழுக் குழுவும் உரக்க வாசிக்கும்போது ஷெல்லின் வேறுபாடு மறைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் கேள்வி கேட்டவர் வாசிப்பது மெதுவான இசை. அங்கே ஷெல்லின் குணம் நன்றாகவே தெரியும்.

உலோகம் என்றாலே ரீங்காரம் என்றும் எண்ணிவிட வேண்டாம். ஸ்டீலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.8 கிராம், அலுமினியத்துக்கு 2.7 மட்டுமே. அலுமினிய ஷெல்லின் ஓசை வறண்டு, கட்டுக்குள் நின்று, மெல்லிய தொடுகைக்கும் உடனே பதில் தருகிறது. லுட்விக் நிறுவனம் 1960-களில் கொண்டுவந்த சூப்ராஃபோனிக் அலுமினிய ஸ்நேர் எண்ணற்ற ஒலிப்பதிவுகளில் இடம்பெற்றது. அதன் மேல் குரோமியம் பூசப்பட்டிருப்பதால், அதைப் பார்த்து ஸ்டீல் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு ஷெல்கள் காதுக்கு அப்படி இருப்பதில்லை.

நீங்கள் சொல்லும் இரண்டில் ஆழமும் வேறுபடுகிறது. 6.5 அங்குலத்தில் ஓசைக்கு உடல் கூடும்; 5 அங்குலத்தில் கீழ் ஹெட் விரைவாகப் பதில் சொல்வதால் கோஸ்ட் நோட்டுகள் தெளியும். சிறிய அறைக்கு நான் ஆழம் குறைந்ததையே எடுப்பேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சோதனை செய்தேன். நெம்புகோலுக்கு இருபுறமும் இருந்த லக்குகளில் சுருதி வெகுவாக இறங்கியிருந்தது. மேல் ஹெட்டின் நடுவிலும் குழி விழுந்திருந்தது. புதிய ஹெட்டுகளைப் போட்டு டியூன் செய்ததும் ரீங்காரம் பாதிக்கு மேல் குறைந்தது. மீதி ஸ்டீலுக்கே உரியது என்று இப்போது நம்புகிறேன். ஏனென்றால், நண்பரிடம் வாங்கி வந்த அலுமினிய ஸ்நேரில் அதே வகை ஹெட்டுகளைப் பூட்டி, அதே அறையில் ஒரே தாளத்தை வாசித்தபோது அந்த வால் வரவேயில்லை. மேப்பிளின் ஓசை அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அறையில் அதன் கனம் பாடகரின் கீழ்க்குரலோடு மோதியது. அலுமினியத்தையே எடுக்கிறேன். அதிலுள்ள மடிப்பு ஹூப்பை மாற்றி, டை காஸ்ட் (அச்சில் வார்த்த) ஹூப் போடுவது பயன் தருமா?

பதில் 2

இப்போதைக்கு வேண்டாம். டை காஸ்ட் ஹூப் கனமானது. ரிம்ஷாட்டை (ஹெட்டையும் ஹூப்பையும் ஒருசேர அடிக்கும் அடியை) கூர்மையாக்கும், ஆனால் கார்வையை மேலும் சுருக்கும். அலுமினியம் ஏற்கெனவே வறண்டு ஒலிப்பதால், மெதுவாக வாசிக்கும்போது ஓசை வெறுமையாகிவிடக்கூடும். ஒரு மாதம் இருப்பதை வைத்தே வாசியுங்கள். கம்பிகளின் இறுக்கத்தையும் கால் திருப்பு குறைத்துக் கேளுங்கள்.