இணையம் வருகிறது, அழைப்பு போகவில்லை: அடுத்த கைபேசியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வேறொரு நாட்டுச் சந்தைக்கென வெளியான 4ஜி கைபேசியை மூன்று வாரங்களுக்கு முன் வாங்கினேன். ஜன்னலோரம் இணையம் நன்றாக வருகிறது; ஆனால் எண்ணை அழுத்தியதும் 4ஜி குறி மறைந்து அழைப்பு துண்டிக்கப்படுகிறது, உள்ளறையில் சிக்னலே இல்லை. அதே சிம் அம்மாவின் பழைய கைபேசியில் அதே அறையில் ஒழுங்காக வேலை செய்கிறது.

சிம்மை மாற்றினேன், நெட்வொர்க் அமைப்புகளை அழித்துப் புதிதாக அமைத்தேன், மென்பொருளையும் புதுப்பித்தேன். வோல்ட்இ (குரல் அழைப்பை 4ஜி வழியாகவே கொண்டுசெல்லும் வசதி) என்ற தெரிவே அமைப்புகளில் தோன்றவில்லை. எங்கள் சேவை நிறுவனம் 2ஜி, 3ஜி இரண்டையும் நிறுத்திவிட்டதால், வோல்ட்இ இல்லாமல் அவசர அழைப்பும் போகாதோ என்பதே என் பெரிய கவலை. மாடல் எண்ணை வைத்துத் தேடியதில், இந்தக் கைபேசியில் 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை (பேண்ட் 3) இருக்கிறது, சுவரைக் கடந்து வரக்கூடிய 700 மெகாஹெர்ட்ஸ் (பேண்ட் 28) இல்லை என்று தெரிந்தது.

பேண்ட் 28 உள்ள வேறொரு கைபேசியில் எங்கள் நிறுவனத்தின் வோல்ட்இ இயங்குமா என்பதை, வாங்குவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளும் வழி என்ன?