லெதர் வந்தால் லைனிங் இல்லை, லைனிங் வந்தால் லெதர் இல்லை: வழி சொல்லுங்கள்

வணக்கம். பேரணாம்பட்டில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். 40 தையல் மெஷின். ஆர்டர் தருவது ஆம்பூர் கம்பெனி. லெதரை அவர்களே ராணிப்பேட்டையிலிருந்து அனுப்புவார்கள். லைனிங் (ஷூவின் உள்பக்க அடுக்கு), நூல், ஐலெட் (லேஸ் கோர்க்கும் வளையம்) எல்லாம் நாங்கள் சென்னை பெரியமேட்டில் வாங்குகிறோம்.

தீபாவளிக்குப் பிறகு ஸ்டிச்சிங் லைன் அடிக்கடி நிற்கிறது. ஒரு நாளைக்கு 400 ஜோடி போக வேண்டிய இடத்தில் 250 தாண்டுவதே கஷ்டம். லெதர் பாதி லாட்தான் முதலில் வரும். மீதி வரும்போது ஷேடு மாறியிருக்கும். இடது, வலது நிறம் ஒத்துப்போகாமல் ஜோடி சேர்க்க முடியாது. வெட்டிய பீஸ் ரேக்கில் குவிகிறது. சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பீஸ் ரேட் கூலி, அவர்கள் வருமானம் அடிபடுவதுதான் எனக்குப் பெரிய கவலை.

லைனிங்கைக் கூடுதலாக வாங்கி வைத்தோம்; ஸ்டைல் மாறியதும் பணம் முடங்கியது. எக்செல்லில் ஸ்டாக் ஏற்றுகிறோம், ஆனால் சூப்பர்வைசர் இரவில்தான் போடுகிறார், அதற்குள் லைன் நின்றுவிடுகிறது. ஈஆர்பி (ஆர்டர், ஸ்டாக் எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கும் சாஃப்ட்வேர்) டெமோவும் பார்த்தோம், பெரிய ஃபேக்டரிக்கான விலை. ஆம்பூர் கம்பெனியிடம் ஸ்டைல் பிளானை முன்கூட்டியே கேட்டால், அவர்களிடம் ஷூ வாங்கும் பையர் உறுதி செய்வதே தாமதம் என்கிறார்கள்.

அடுத்து, ஒரு ஆர்டருக்கான லெதர், லைனிங், சாமான் முழு செட்டாக வந்த பிறகே கட்டிங் தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். இந்த முறையில் ஓட்டுகிறவர்கள், செட் சேரும்வரை கட்டிங் ஆட்களுக்கு எப்படி வேலை கொடுக்கிறீர்கள்?